இருபதுக்குப் பதின்மூன்று

ஹார்லன் கார்னர்ஸ்
செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா,

இங்கு எல்லோரும் நலம். நீயும் உன் இடது முழங்காலும் நலந்தானே? அம்மா ஏற்படுத்திய வரிசைப்படி முதலில் வானிலை, பிறகு உடம்பு, கடைசியில் வம்பு. வானிலை: உறைபனி இன்னும் இறங்கவில்லை, ஆனாலும் தக்காளி பழுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. உடம்பு: என் எடையை எழுதினால் உறைக்கு இன்னொரு தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கும், விட்டுவிடு.

இனி வம்பு. ஹாட்டிக்குப் பத்து வயது நிறைந்ததற்குப் பொம்மைக் குதிரை அனுப்பாமல் ஓர் ஆண்டுக் கணக்குப் பாடம் அனுப்பிய பெரியம்மா உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். ஆனால் சரியான பரிசு. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கை விளையாட்டாக்கித் தரும் இந்தக் 'கணக்குத் தீவு' பற்றித்தான் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாத் தாய்மாரும் பேசுகிறார்கள். ட்ரூடி வாண்டர்மார்க் கூட வாங்கிவிட்டாள். அவளுக்கு எட்டுப் பிள்ளைகள். எட்டும் ஆட்டுப்பால் கறந்துகொண்டே லத்தீன் ஒப்பிக்கும். அவள் வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் எனக்கு என் பிள்ளையைப் பிடிக்காமல் போய்விடுகிறது. வீட்டு வாசலுக்கு வந்ததும் மறுபடி பிடித்துவிடுகிறது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதினால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. மே மாதம் பள்ளியில் அரசுத் தேர்வு. ஹாட்டி கணக்கில் தன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் முப்பத்துமூன்று பேரையாவது முந்த வேண்டும். முந்தினால் என்னோடு இருக்கலாம். இல்லாவிட்டால் ஆகஸ்டில் ராச்செஸ்டர், அவள் அப்பா டுவைட்டின் வீடு, அங்கே ஒரு பள்ளி. நீதிபதி அம்மாள் இதைக் கனிவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

இரண்டாம் வகுப்பில் அவள் கோட்டு மாட்டும் அலமாரிக்குள் போய் ஒளிந்துகொண்டதும், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஒரு வார்த்தை பேசாததும் உனக்கு நினைவிருக்கும்; அதனால்தானே பள்ளியை நிறுத்தினேன். இப்போது பேசுகிறாள். கோழிகளிடம் பேசுகிறாள். கோழிகளால் குறுக்கே ஒரு சொல் நுழைக்க முடியவில்லை.

பாடத்தில் முதல்நாள் ஒரு தேர்வு வைக்கிறார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து ஆரம்பிக்க. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆறாம் வகுப்பு நிலை என்று வந்தது, அக்கா. ஐந்தாவது படிக்கவேண்டிய பிள்ளை. 'பெற்றோர் பக்கம்' என்று ஒன்று உண்டு. தினமும் எத்தனை கேள்வி, எத்தனை சரி என்று எல்லாம் அதில் தெரியும். நீதிமன்றம் சொன்னபடி டுவைட்டுக்கும் கடவுச்சொல் கொடுத்திருக்கிறேன். பார்த்து மகிழட்டும்.

முழங்காலுக்குச் சூடு வை.

உன் தங்கை,
மார்லிஸ்


யூமா, அரிசோனா
செப்டம்பர் 29

அன்புள்ள மார்லிஸ்,

வெயில் நூற்றுப்பத்து. முழங்கால் அப்படியே. வலது காது முழுக்கப் போய்விட்டது. இடதில் பக்கத்து வீட்டு நாய் மட்டும் கேட்கிறது. வேறு யாராவது இருந்திருக்கலாம்.

ஹாட்டிக்கு ஆறாம் வகுப்பு வந்ததில் மகிழ்ச்சி. ஒரே ஒரு கேள்வி. நான் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் யார் வீட்டுப்பாடத்தை யார் எழுதுகிறார்கள் என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், சரி. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா?

குழந்தைக்கு என் முத்தம்.

கொரின்


ஹார்லன் கார்னர்ஸ்
அக்டோபர் 26

அன்புள்ள அக்கா,

நலம். உன் காது போன செய்தி கேட்டு வருந்தினேன். மலை முழுக்க இலை உதிர்ந்து விறகு அடுக்கியாகிவிட்டது. என் முதுகு என்னைத் திட்டுகிறது. நானும் பதிலுக்குத் திட்டுகிறேன்.

கணக்குத் தீவைப் பற்றிக் கேள். அங்கே தொப்பி போட்ட நீர்நாய் ஒன்று இருக்கிறது. சரியாகப் போட்டால் அதற்கு ஒரு மீன். தவறாகப் போட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கும். மூக்குவரை இறங்கி நம்மையே பார்க்கும். அந்தப் பார்வையை யாராலும் தாங்க முடியாது. ஒரு நாள் விட்டுவிட்டால் சேர்த்த மீனெல்லாம் போய்விடும். நாற்பத்தொரு நாளாக ஒரு நாள்கூட விடவில்லை. பின்னங்களை எவ்வளவு அழகாகச் சொல்லித் தருகிறார்கள் தெரியுமா? கீழே இருக்கும் எண்களைப் பொதுவாக்கினால்தான் கூட்ட முடியும் என்று நமக்குச் சிஸ்டர் அகதா பிரம்பால் சொன்னாள், புரியவில்லை. இங்கே இரண்டு பிட்சாவை வெட்டிக் காட்டினார்கள், சட்டென்று புரிந்துவிட்டது. முப்பது வருடமாக அடைத்துக்கொண்டிருந்த குழாய் திறந்த மாதிரி.

டுவைட் மூன்று அஞ்சலட்டை அனுப்பிவிட்டான். 'என் மகள் மேதை' என்று ஒன்றில் எழுதியிருந்தது. அவன் புது மனைவி பமீலா அதில் சிரித்த முகம் வரைந்திருந்தாள். பல் மருத்துவமனையில் வேலை செய்பவள், சிரித்த முகத்திலும் பற்களை எண்ணி வரைந்திருக்கிறாள். வேறு குறை ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

ட்ரூடியின் மூத்தவன் லத்தீனை விட்டுவிட்டுப் பனிச்சறுக்கு வண்டி பழுதுபார்க்கப் போகிறானாம். வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கிறது.

ஹாட்டி முத்தம் அனுப்புகிறாள். இப்போது கோழிகளுடன் இருக்கிறாள்.

உன்,
மார்லிஸ்


யூமா
நவம்பர் 12

அன்புள்ள மார்லிஸ்,

வெயில் குறைந்தது. உடம்பில் புதிதாக எதுவும் கெடவில்லை.

உன் நான்கு பக்கத்தையும் இரண்டு தரம் படித்தேன். நீர்நாய் இருக்கிறது, பிட்சா இருக்கிறது, பமீலாவின் பல் இருக்கிறது. பின்னம் யாருக்குப் புரிந்தது என்று எழுதியிருக்கிறாய்? ஹாட்டி கடைசி இரண்டு வரியில் கோழிகளுடன் இருக்கிறாள். எந்நேரமும் கோழிகளுடனா?

நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

கொரின்


ஹார்லன் கார்னர்ஸ்
டிசம்பர் 19

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கதவுவரை பனி. உடம்பு பரவாயில்லை. நான் சுட்ட இஞ்சி ரொட்டியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உடைந்து வந்தால் அஞ்சல்காரர் மேல் பழி போடாதே, இங்கேயே உடைந்துதான் இருந்தது.

கூட்டத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ட்ரூடியின் ஆடுகள்தான் மேய்ப்பர்களின் ஆடுகள். ஒன்று தொட்டில் வைக்கோலைத் தின்றுவிட்டது. குழந்தை இயேசு தரையில் படுத்துக்கொண்டே உலகை இரட்சித்தார். ஹாட்டி தேவதை. அவளுக்கு வசனம் இல்லை, அவளே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது.

போன வாரம் மடிக்கணினியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். கோழிக்கூட்டில், முட்டைப் பெட்டிக்குள், வைக்கோலுக்கு அடியில் இருந்தது. கேட்டால், கோழிக்குக் குளிர்கிறது என்றாள். சிரித்துவிட்டேன்.

பெற்றோர் பக்கத்தில் 'ஏழாம் வகுப்புக்குத் தயார்' என்று ஒரு பாராட்டுப் பட்டை வந்திருக்கிறது. டுவைட்டின் வழக்கறிஞருக்கும் அது போயிருக்கும்.

நீ தனியாக இருக்காதே. உன் பையன் ரோஜர் வருகிறானா?

உன்,
மார்லிஸ்


யூமா
ஜனவரி 5

மார்லிஸ்,

ரொட்டி உடைந்து வந்தது. நன்றாக இருந்தது. ரோஜர் வரவில்லை.

பிள்ளை கணினியைக் கோழிக்கு அடியில் புதைக்கிறாள், நீ சிரிக்கிறாய்.

யார் விடை போடுகிறார்கள்?

கொரின்


ஹார்லன் கார்னர்ஸ்
பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் ஆறு வாரமாக உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. உப்பு எடுக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். அதனால் ஆறு வாரமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு கம்மி.

நான்தான்.

வானிலை, உடம்பு எல்லாம் பிறகு. முதல்நாள் தேர்வில் மூன்றாவது கேள்விக்கே அவள் உதடு துடித்தது. இப்படியே போனால் சின்னப் பிள்ளைகளுடன் போட்டுவிடுவார்களே, டுவைட் பார்ப்பானே என்று பயம். "இங்க பாரு, இதுவா இருக்குமோ?" என்று விரலை நீட்டினேன். அடுத்த கேள்விக்கு விரல் தானாகவே போனது. இருபத்தைந்தாவது கேள்வியில் அவள் மேசையில் தலை வைத்துக்கொண்டிருந்தாள், நான் தட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பு வந்தது அவளுக்கில்லை, எனக்கு. அதுவும் நான் பத்தாவதைத் தாண்டியவள்.

மறுநாளிலிருந்து ஆறாம் வகுப்புப் பாடம். அவளுக்கு ஒன்றும் புரியாது, அழுவாள். நீர்நாய் இறங்கும், இன்னும் அழுவாள். "நீ போய் கோழிக்குத் தீனி போடு கண்ணு, இன்னிக்கு மட்டும் அம்மா முடிச்சிடறேன்" என்றேன். ஐந்து மாதமாக அந்த 'இன்னிக்கு' முடியவில்லை. காலையில் காப்பியுடன் உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை. நாற்பத்தேழு வயதில் எனக்குப் பின்னம் வந்துவிட்டது. விகிதம் வந்துவிட்டது. வெட்கம்தான் தாமதமாக வந்தது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தேவாலயத்து நிலவறையில் கூட்டம். மேப்பிள் மரங்களில் பாகு காய்ச்சும் இனிப்புப் பால் இறங்கத் தொடங்கிவிட்டதால் எல்லோருக்கும் அப்பம். ட்ரூடி மாவுப் பையை எடுத்து வைத்துக்கொண்டு, "ஹாட்டி, நீதான் ஏழாவது ஆச்சே. எட்டுப் பேருக்கு மூணு கோப்பை மாவுன்னா இருபத்திநாலு பேருக்கு எவ்வளவுடா செல்லம்?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பெருமைப்படுத்தத்தான் கேட்டாள். பதினாறு பிள்ளைகள், ஏழு தாய்மார், எல்லோரும் திரும்பினார்கள்.

ஹாட்டி மெதுவாக நடந்து சுவரோரம் போனாள். கோட்டுகள் தொங்கிய கம்பிக்குப் பின்னால் நுழைந்துகொண்டாள். இரண்டு காலணி மட்டும் தெரிந்தது. மூன்று வருடம் கழித்து மறுபடி அந்தக் காலணிகள், அக்கா.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது நான் இல்ல. அம்மாதான் ஏழாவது."

ட்ரூடி மாவை அளந்து போட்டாள், ஒன்பது கோப்பை. அப்புறம் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "என் மூத்தவனுக்கு நானும் பக்கத்துல உட்கார்ந்தேன், மார்லிஸ். அதனாலதான் அவன் இப்போ பழுதுக்கடைல வண்டி கழுவுறான்" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாளா, சாபம் கொடுத்தாளா என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டேன். கடன் வாங்கிக் கழிப்பது தெரியவில்லை. இரண்டாம் வகுப்பில் அலமாரிக்குள் போன நாளோடு கணக்கு அங்கேயே நின்றுவிட்டது. நான் அதன் மேல் ஐந்து மாதம் மாடி கட்டியிருக்கிறேன்.

இப்போது என் நிலைமை இது. முதல்நாள் தேர்வை மறுபடி வைக்கலாம், அவள் தனியாக எழுதினால் அவள் நிலையிலிருந்து ஆரம்பிக்கும். ஆனால் வைத்த நிமிடமே பழையதெல்லாம் அழிந்து, டுவைட்டின் திரையில் 'இரண்டாம் வகுப்பு' என்று வரும். அவனுக்கு வேறு சாட்சியே வேண்டாம். வைக்காவிட்டால் மே மாதம் அவள் பள்ளிக்கூட மேசையில் என் ஏழாம் வகுப்போடு தனியாக உட்காருவாள். இன்னும் பதினோரு வாரம்தான். தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. எடை குறைந்திருக்கிறது, அதைக் கொண்டாடக்கூட ஆளில்லை.

என்ன செய்யட்டும், சொல்.

மார்லிஸ்


யூமா
மார்ச் 4

அன்புள்ள மார்லிஸ்,

நலம். இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது இது.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ரோஜரின் எரிமலையை நான்தான் செய்தேன். முதல் பரிசு வாங்கியது. அவனுடைய மாநில வரைபடம் நான் வரைந்தது. கல்லூரிக்கு எழுதிய கட்டுரை நான் எழுதியது; 'என் வாழ்வில் நான் தனியாகச் சாதித்தது' என்பது தலைப்பு. அவனுக்கு இப்போது முப்பத்தாறு. எந்த ஊரில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லாமலிருந்தேன். நீயும் கேட்டால் தமாஷாகவே கேட்பாய், நானும் 'வரவில்லை' என்று மட்டும் எழுதிவிடுவேன்.

அழித்துவிடு. தேர்வை மறுபடி வை. அவளை உட்காரவைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்து. உன் விரல்களைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்.

டுவைட் பார்ப்பான். பார்க்கட்டும்.

உன் அக்கா,
கொரின்


ஹார்லன் கார்னர்ஸ்
ஏப்ரல் 7

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை, உயிரோடிருக்கிறோம் என்று வைத்துக்கொள். பனி உருகி முற்றமெல்லாம் சேறு. உன் மகன் விஷயத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இந்த முறை தமாஷாக ஒன்றும் கேட்க மாட்டேன்.

மார்ச் 12 காலை அழித்தேன். எழுபத்தெட்டுப் பட்டைகள், மூவாயிரத்துச் சொச்சம் மீன்கள். ஹாட்டியை உட்காரவைத்துவிட்டுக் கோழிகளுடன் போய் நின்றேன். அவள் உள்ளே இருந்தாள், நான் கூட்டில் இருந்தேன். நாற்பது நிமிடம். கதவைத் திறந்து, "முடிஞ்சுதும்மா. ரெண்டாவது" என்றாள். அழவில்லை. "எனக்குத் தெரிஞ்ச கேள்வியும் இருந்துது" என்றாள்.

டுவைட் சனிக்கிழமை காலையே வந்து நின்றான். மூன்று மணி நேரம் ஓட்டி வந்தவன் சண்டையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"ஏழாவதுன்னு காட்டிச்சே."

"ஏழாவது நான்தான், டுவைட்."

"விளையாடாதே, மார்லிஸ்."

"நான் விளையாடல. அஞ்சு மாசமா விளையாடினேன், அதான் தப்பு."

முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு. என்னைத் தாண்டி உள்ளே போனான். ஹாட்டி மேசையில் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் கதவருகே நின்றேன், கைகள் கோட்டுப் பையில். ஒரு நிமிடம் சும்மா இருந்தான். அவள் யோசித்தாள். இரண்டாவது நிமிடம் அவன் முட்டி ஆட ஆரம்பித்தது. மூன்றாவது நிமிடம், "ரெண்டுல ஏழு போகாதுடா, பக்கத்துல கடன் வாங்கு... பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு... அப்போ இருபத்தி..." என்று அவன் விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது.

ஹாட்டி அவன் விரலைப் பிடித்து எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"அப்பா, நீங்களும் வெளியே போங்க. கோழி அங்க இருக்கு."

இருவரும் சேற்றில் போய் நின்றோம். அவனுடைய நகரத்துக் காலணி கணுக்கால்வரை இறங்கிவிட்டது. பிறகு, "மூணு நிமிஷம்கூட என்னால முடியல" என்றான். சொல்ல ஆயிரம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த மிகச் சில தருணங்களில் இது ஒன்று, நீ குறித்து வைத்துக்கொள்.

வழக்கை விட்டுவிடுவான் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நான் அந்தப் பக்கத்தைத் தினமும் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன், மார்லிஸ். நீ என்னை ஏமாத்தினது பரவால்ல. இவ்வளவு பக்கத்துல இருந்துகிட்டு அவளைத் தனியா விட்டுட்டியே. மே பரீட்சை அப்படியே நடக்கட்டும்."

அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஹாட்டி தினமும் ஒரு மணி நேரம் தனியாகப் போடுகிறாள். நான் கூட்டில் நிற்கிறேன். இந்த வாரம் மூன்றாம் வகுப்புப் பாடம் ஆரம்பமாகிவிட்டது. கோழிகள் என்னைத் தங்களில் ஒருத்தியாகவே நினைக்க ஆரம்பித்துவிட்டன. தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம். வேண்டிக்கொள்.

உன்,
மார்லிஸ்


ஹார்லன் கார்னர்ஸ்
ஜூன் 20

அன்புள்ள அக்கா,

மழை. உடம்பு இருக்கிறது.

இருபத்தொன்பது.

ஒன்பது வாரத்தில் இரண்டாவதிலிருந்து நான்காவதுவரை வந்தவள், அக்கா. ஐந்தாம் வகுப்புத் தேர்வில் நூறு பேரில் இருபத்தொன்பது பேரை முந்தினாள். அன்று பள்ளிக்கூடத்துக் கதவுவரை நடந்து, என் கையை விட்டு, கோட்டைக் கழற்றி மேசையிலேயே வைத்துக்கொண்டு எழுதினாளாம். ஆசிரியை சொன்னார். பாதியில் எழுந்து போகவில்லை.

நீதிபதி அம்மாள் போன முறையைவிடக் கனிவாக இருந்தார். கணக்குப் பாடத்தின் இரண்டு பதிவையும் பார்த்தார், அழிப்பதற்கு முன் டுவைட்டின் வழக்கறிஞர் எடுத்து வைத்தது, அழித்த பிறகு வந்தது. "இந்த ஒன்பது வாரத்தில் குழந்தை நன்றாகக் கற்றிருக்கிறாள். அதற்கு முந்திய ஐந்து மாதத்துக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டார். உனக்குத் தெரியுமே, எனக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும், கேட்பவர் சிரித்துக்கொண்டே போவார். அன்று இல்லை. ஆகஸ்ட் 20 முதல் ராச்செஸ்டர். கிறிஸ்துமஸ், கோடை விடுமுறைகள் என்னுடன்.

வண்டியில் திரும்பும்போது பாதி வழிவரை ஹாட்டி பேசவில்லை. மறுபடி வாய் மூடிவிட்டதோ என்று கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"எவ்வளவு வாங்கியிருந்தா நான் இருந்திருக்கலாம்?"

"முப்பத்திமூணு."

ஜன்னல் பக்கம் பார்த்தாள். விரல் விட்டு எண்ணவில்லை, உதடும் அசையவில்லை.

"நாலுதான் கம்மி" என்றாள்.

சரியான விடை. கடன் வாங்கிக் கழித்தாள், மனதுக்குள்ளேயே. நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எஞ்சின் சூடாகிவிட்டது என்று சொன்னேன்.

மார்லிஸ்


யூமா
ஜூன் 30

அன்புள்ள மார்லிஸ்,

இங்கே வெயில். எனக்கு ஒன்றுமில்லை.

உன்னைத் திட்ட ஒன்றும் மிச்சமில்லை, தேற்றவும் எனக்குத் தெரியாது. ரோஜர் பள்ளியில் படித்த நாளில் ஒரு முறைகூட 'நாலுதான் கம்மி' என்று சொன்னதில்லை. அவனுக்கு எப்போதும் நூற்றுக்கு நூறு.

செப்டம்பரில் அவள் போன பிறகு நீ இங்கே வா. வராவிட்டாலும் எழுது. வம்பு இருந்தால் எழுது, இல்லாவிட்டாலும் எழுது.

கொரின்


ஹார்லன் கார்னர்ஸ்
அக்டோபர் 4

அன்புள்ள அக்கா,

நான் நலம். உன் முழங்காலும் மிச்சமிருக்கும் காதும் நலமா? மலை சிவந்துவிட்டது, அதைப் பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். என் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. பேச ஆளில்லாததால் என்று நான் சொல்கிறேன், குளிரால் என்று ட்ரூடி சொல்கிறாள். நான் போய்ப் பேசிப் பார்த்தேன், என்னை மதிக்கவில்லை.

உன்னிடம் வராததற்கு மன்னித்துக்கொள். வீட்டை விட்டு நகரவில்லை. காரணத்தைச் சொன்னால் நீ திட்டுவாய், சொல்கிறேன்.

கணக்குத் தீவின் ஆண்டு முடிந்ததும் டுவைட் மறுபடி கட்டணம் கட்டினான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் இருபது கேள்வி போடட்டும் என்று. கடவுச்சொல்லை எனக்கும் அனுப்பினான், நீதிமன்றம் சொல்லாமலே. ஒரு வரி கூட எழுதவில்லை, வெறும் கடவுச்சொல். நானும் நன்றி என்று ஒரு வரி எழுதி, மேலே எழுதியிருந்த ஏழு வரியை அழித்துவிட்டு அனுப்பினேன்.

அவள் புதுப் பள்ளியில் கோட்டெல்லாம் நடைவழியில் கொக்கியில்தான் தொங்குமாம், அலமாரியே கிடையாதாம். "ஒளியறதுக்கு ஒரு இடம்கூட இல்லம்மா" என்று தொலைபேசியில் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மூன்று வாரம் தொலைபேசியில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். நான் கோழிக் கதை சொல்வேன், ட்ரூடி கதை சொல்வேன், இரண்டும் தீர்ந்துபோனால் கட்டியும் சொல்வேன். அந்தப் பக்கம் மூச்சு. பமீலா வாங்கிப் பேசுவாள், சாப்பிடுகிறாள் என்பாள், தூங்குகிறாள் என்பாள். அவளிடம் குறை தேடுவதை விட்டுவிட்டேன், அக்கா. இரவல் வாங்குகிற மாதிரி அவளிடமிருந்து ஒவ்வொரு சொல்லாக வாங்கிக்கொள்கிறேன்.

பெற்றோர் பக்கத்தில் மூன்று வாரமும் ஒன்றுமில்லை. மதியம் மூன்றரைக்குத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். 'இன்று: 0'. ஐந்து மணிக்கு மூடுவேன். டுவைட் ஆறு மணிக்கு வருவான், பமீலாவும் அப்போதுதான். அதுவரை அவள் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். என்ன செய்கிறாள் என்று தெரியாது. எந்தக் கதவுக்குப் பின்னால் என்று தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு எண் மாறியது. ஒன்று. இரண்டு. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். இருபது கேள்வி முடிய ஐம்பத்தைந்து நிமிடம். இருபதுக்குப் பதின்மூன்று.

ஏழு தவறு. அந்த ஏழையும் திறந்து பார்த்தேன், கடிதத்தைத் திறப்பதுபோல. ஒன்று 403-இல் 178 போக எவ்வளவு. அவள் 235 என்று போட்டிருந்தாள். நடுவில் இருந்த சுழியத்துக்கு நூறிடத்திலிருந்து கடன் வாங்கினாள், பத்து ஆக்கினாள், அதிலிருந்து ஒன்றை ஒன்றிடத்துக்குக் கொடுத்தாள், கொடுத்ததைக் கழிக்க மறந்துவிட்டாள். எங்கே மறந்தாள் என்று அவள் தலைக்குள் நின்று பார்த்த மாதிரி தெரிந்தது. மூன்று வாரமாக அவள் குரல் கேட்காத எனக்கு அந்த 235 போதுமாயிருந்தது. தினமும் இருபதுக்கு இருபது காட்டிய பக்கத்தை ஐந்து மாதம் பார்த்தேனே, அதில் ஒரு நாளும் என் பிள்ளை இல்லை.

அந்தக் கேள்விக்குக் கீழே 'மீண்டும் முயல்க' என்று பச்சையாக ஒரு பொத்தான் இருந்தது. அவள் கணக்கு என் கணினியிலும் திறந்துதான் இருக்கிறது. 225. மூன்று இலக்கம். எனக்குத் தெரிந்த விடை, யாருக்கும் தெரியப் போவதில்லை. பொய் சொல்ல மாட்டேன், அம்புக்குறி அந்தப் பொத்தான்வரை போனது. கணினியை மூடி விறகுக்கொட்டகைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வீட்டுக்குள் வந்து பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

புதன்கிழமை நான்கு மணிக்குப் போய் எடுத்து வந்தேன். நான்கு பத்துக்கு அந்தக் கேள்வி திறந்தது. மூன்று நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்றிடத்தில் 5 வந்தது. பத்திடத்தில் 3 வந்தது. போனது. 2 வந்தது.

225.

டுவைட் வேலையில் இருந்தான், பமீலா மருத்துவமனையில். இரண்டு பேரையும் அழைத்துக் கேட்டு உறுதி செய்துகொண்டேன், என் புத்தி உனக்குத் தெரியுமே. அவளேதான் போட்டாள். அவள் பக்கத்தில் யாரும் இல்லை, அக்கா. யாருமே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
மார்லிஸ்